மண்ணுள் மறைந்தவையும் மண்மேல் வரைந்த கோடும்

நிலத்தைத் தோண்டுதல் மனிதன் கற்ற மிகப் பழைய தொழில்களுள் ஒன்றாகும். கிணறு வெட்டவும், வாய்க்கால் கோலவும், வீட்டுக்கு அத்திவாரம் இடவும், இறந்தோரை அடக்கஞ் செய்யவும் அவன் மண்ணைத் தோண்டினான். இடையில் பாறை எதிர்ப்பட்டதுண்டு, ஊற்றுக் கிளம்பியதுண்டு, முன்னோர் புதைத்த தாழியோ பானையோ தட்டுப்பட்டதும் உண்டு. ஆயின், மண்ணிற் கைவைக்கு முன்னர், “இதன் கீழே என்ன கிடக்கின்றது?” என்று பிறரிடம் கேட்டறிய வேண்டிய கட்டாயம் அவனுக்குப் பெரும்பாலும் இருந்ததில்லை. நிலத்தின் கீழே கிடந்தவை இயற்கை வைத்தவையாகவோ இறந்தகாலம் விட்டுச் சென்றவையாகவோ இருந்தன. உயிரோடு இருக்கும் அயலானுக்குச் சொந்தமான எதுவும் அங்கே இயங்கிக்கொண்டிருக்கவில்லை.

இன்றைய பெருநகரத்தின் நிலை வேறு. ஒரு வீதியிலே நாம் பத்து அடி நடக்கின்றோமெனின், நம் பாதத்தின் கீழே குடிநீர் ஓடுகின்றது, கழிவுநீர் ஓடுகின்றது, மின்சாரம் பாய்கின்றது, பல்லாயிரம் மக்களின் உரையாடல்கள் கம்பியிலும் கண்ணாடி இழையிலும் செல்கின்றன, சில நாடுகளில் எரிவாயுவும் பெற்றோலும் பேரழுத்தத்தோடு விரைகின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்த நகரத்தை ஊறு செய்யாமல், கண்ணுக்குத் தெரியும் நகரத்தைக் கட்டுவதும் பழுதுபார்ப்பதும் எவ்வாறு? இவ்வினாவுக்கு மனிதர் கண்ட விடைகளுள் மிக எளியது ஒரு வெள்ளைக் கோடு. தோண்டக் கருதியவர், தாம் தோண்டப்போகும் இடத்தை முன்கூட்டியே நிலத்தின்மீது வெள்ளைச் சாயத்தால் எல்லையிட்டுக் காட்டுகின்றார். இச் சிறு வழக்கம் தோன்றிய வரலாற்றை நேயர்களோடு சேர்ந்து சிந்திப்பதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

மறைந்து கிடக்கும் பொதுச் சொத்தை நிலத்தின்மேல் அடையாளமிட்டுக் காக்கும் எண்ணம் புதியதன்று. பண்டைய உரோமாபுரிக்கு நெடுந்தொலைவிலிருந்து நீர் கொணர்ந்த கால்வாய்களை நினைத்தவுடன், உயர்ந்த வளைவுகளின்மீது செல்லும் கற்பாலங்களே நம் மனக்கண்முன் தோன்றும். உண்மையில், அக் கால்வாய்களின் மிகப் பெரும் பகுதி நிலத்தின் கீழேயே சென்றது. மேலே உழுபவனுக்கும் மரம் நடுபவனுக்கும் கீழே கால்வாய் செல்வது தெரியாது. மரத்தின் வேர் கல்லைப் பிளந்தது. கட்டடத்தின் சுமை கூரையை நெரித்தது. சிலர் களவாகத் துளையிட்டு நீரைத் தம் தோட்டத்துக்குத் திருப்பவுஞ் செய்தனர்.

இதனைத் தடுக்க உரோமானிய ஆட்சி மன்றம் கி.மு. 11-ஆம் ஆண்டில் ஒரு விதி செய்தது. ஊற்றுக்கள், வளைவுகள், சுவர்கள் ஆகியவற்றின் இருபுறமும் 15 அடி நிலமும், நகரத்தினுள்ளும் அதனையொட்டிய கட்டடங்களிடையிலும் நிலத்தின் கீழ்ச் செல்லும் கால்வாய்களின் இருபுறமும் 5 அடி நிலமும் வெறுமையாக விடப்பட வேண்டும் என்பது அவ்விதி. ஈராண்டுகளின் பின், கி.மு. 9-இல் வந்த சட்டமொன்று, வேண்டுமென்றே கால்வாயைத் துளைத்தவருக்கும் உடைத்தவருக்கும் 1,00,000 செஸ்தெர்சு நாணயம் தண்டம் விதித்தது. கி.பி. 97-இல் உரோமாபுரியின் நீர்க் காப்பாளராகப் பதவியேற்ற பிரொண்டினுஸ் என்பார் எழுதிவைத்த நூலினால் இவ்விதிகளை நாம் அறிகின்றோம். அகஸ்துஸ் பேரரசன் காலத்தில், இக் கால்வாய்கள் செல்லும் வழி நெடுகிலும் 240 அடிக்கு ஒன்றாக எண்ணிட்ட கற்கள் நாட்டப்பட்டன. அவற்றுட் சில இன்றும் கிடைத்துள்ளன. கல்லைக் கண்டவன் கால்வாயைக் காணாமலே அதன் போக்கை அறிந்தான்.

இங்கே ஒன்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். அக் கற்கள் குறித்தது ஒரே வகைப் பொருளை. அதன் உடைமையாளர் ஒருவரே. அதனைக் காத்தவரும் ஒருவரே. ஆதலின், ஒரு கல் போதுமாயிற்று. உடைமையாளர் பலராகும்போது என்ன நிகழும் என்பதைக் காண, நாம் பதினெட்டு நூற்றாண்டுகளைக் கடந்து இலண்டன் மாநகருக்கு வருதல் வேண்டும்.

இலண்டனின் பால் மால் வீதியில் 1807-ஆம் ஆண்டில் எரிவாயு விளக்குகள் ஏற்றிக் காட்டப்பட்டன. 1812-இல் அந்நகருக்கு எரிவாயு வழங்கும் முதற் கம்பனி அரச பட்டயம் பெற்றது. சில பத்தாண்டுகளுக்குள் போட்டிக் கம்பனிகள் பல எழுந்தன. ஒரே வீதியில் ஒன்றுக்கு மேற்பட்ட கம்பனிகள் தத்தம் குழாய்களைப் புதைத்தன. ஒன்று மூடிச் சென்ற வீதியை மற்றொன்று வந்து திறந்தது. அவற்றின் பக்கத்திலே குடிநீர்க் கம்பனிகளின் குழாய்களும் கிடந்தன. இத்தொல்லை பொறுக்கவொண்ணாத நிலையை எய்தவே, 1860-இல் பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டமியற்றி, ஒவ்வொரு எரிவாயுக் கம்பனிக்கும் தனித்தனி வட்டாரத்தை வரையறுத்தது.

அக்காலத்திலேயே வேறோர் உபாயமும் முயன்று பார்க்கப்பட்டது. மனிதர் உள்ளே நடந்து செல்லத்தக்க சுரங்க அறைகளை வீதியின் கீழ்க் கட்டி, எல்லாக் குழாய்களையும் அவற்றுள் வரிசையாக வைத்துவிட்டால், பின்னர் வீதியைத் தோண்ட வேண்டிய தேவையே எழாதன்றோ? 1861-இல் காரிக் வீதியிலும், 1869-இல் ஹோபோர்ண் மேம்பாலத்திலும், 1870-இல் திறக்கப்பட்ட விக்டோரியா ஆற்றங்கரைச் சாலையிலும் இத்தகைய அறைகள் அமைந்தன. ஆற்றங்கரைச் சாலையை அமைத்த பொறியியலாளர், இலண்டனுக்குப் பெருங் கழிவுநீர்க் கால்வாய்களை வகுத்துத் தந்த பசல்கெட் ஆவார். அறிவுக்கு ஒத்த இவ்வேற்பாடு பொருட்செலவுக்கு ஒத்ததாக இருக்கவில்லை. சில பெருவீதிகளில் மட்டுமே அது நிலைத்தது. ஏனைய இடங்களில் வெறும் மண்ணிற் புதைத்தலே வழக்கமாயிற்று.

அதன் பின்னர் மின்சாரம் வந்தது. 1882-இல் நியூயோர்க் நகரின் பேர்ள் வீதியில் எடிசன் தமது மின்நிலையத்தை இயக்கியபோது, மின்கம்பிகளை நிலத்தின் கீழேயே செலுத்தினார். ஏனைய கம்பனிகளோ தந்திக் கம்பியையும் தொலைபேசிக் கம்பியையும் மின்கம்பியையும் கம்பங்களின்மீது காடுபோற் கட்டின. 1888-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வீசிய பெரும் பனிப்புயல் அக் கம்பங்களை முறித்து வீழ்த்தி நகரத்தையே முடக்கியது. அதன் பின் கம்பிகளை நிலத்தினுள் இறக்கும் வேலை விரைவடைந்தது. இவ்வாறு ஒவ்வொரு தேவையும் ஒவ்வொரு காலத்தில், ஒவ்வொரு நிறுவனத்தால், ஒவ்வோர் ஆழத்தில் மண்ணுக்குள் இறங்கியது.

இவற்றின் இருப்பிடத்தைக் குறித்த படங்கள் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் படத்தைத் தன் அலுவலகப் பெட்டியில் வைத்திருந்தது. ஆயினும், பிறருடைய படத்தை ஒருவர் அறியார். மேலும், ‘வீதியோரக் கல்லிலிருந்து 4 அடி’ என்றோ, ‘மூலைக் கட்டடத்திலிருந்து 10 அடி’ என்றோ அளவு குறிக்கப்பட்டிருக்கும். பின்னொரு காலத்தில் வீதி அகலமாக்கப்பட்டது, ஓரக்கல் நகர்ந்தது, மூலைக் கட்டடம் இடிந்து மறைந்தது. அளவு படத்தில் இருக்க, அளவுக்கு ஆதாரமான பொருள் உலகில் இல்லாது போயிற்று. வீதிக்கு மேலே மண் கொட்டி உயர்த்தியபோதும், வெட்டித் தாழ்த்தியபோதும் ஆழக் கணக்கும் பிழைத்தது.

தோண்டும் கருவியும் இதற்கிடையே மாறிவிட்டது. மண்வெட்டியும் அலவாங்கும் பிக்காசும் கொண்டு தோண்டுபவனுக்குக் கைதான் கண். இரும்பில் அலவாங்கு பட்டால் அந்த அதிர்வு அவன் தோள்வரை ஏறும், உடனே நிறுத்துவான். 1950-களிலிருந்து வீதி வேலைகளிற் பரவிய தோண்டும் பொறிகளுக்கு அந்த உணர்ச்சி இல்லை. நூறு பேர் ஒரு நாளிற் செய்யும் வேலையை அவை சில மணி நேரத்தில் முடித்தன. அவ்வாறே, நூறு பேர் செய்ய மாட்டாத சேதத்தையும் ஒரு நொடியிற் செய்தன. மேலே பொறியின் வலிமை பெருகியது; கீழே குழாய்களின் நெருக்கம் பெருகியது; இரண்டுக்கும் இடையே இருந்த அறியாமை மட்டும் குறையவில்லை. விபத்துக்கு வேறென்ன வேண்டும்?

1976-ஆம் ஆண்டு யூன் மாதம் 16-ஆம் நாள், ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தில், லொஸ் ஏஞ்செலஸ் நகரும் கல்வர் நகரும் சந்திக்கும் பகுதியில், வெனிஸ் பெருவீதியை அகலமாக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கே தோண்டிக்கொண்டிருந்த பொறியொன்று பெற்றோல் செல்லும் நிலத்தடிக் குழாயொன்றைத் தாக்கியது. அழுத்தத்தோடு பீறிட்ட பெற்றோல் பக்கத்துக் கட்டடங்களின்மீது தெறித்து, இரண்டு நிமிடங் கழியுமுன் தீப்பற்றிக் கொண்டது. ஒன்பது பேர் மாண்டனர், பலர் காயமுற்றனர், கட்டடங்கள் பல எரிந்து சாம்பராயின. மாண்டோருட் குழாயைப் பற்றியோ பொறியைப் பற்றியோ எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர் இருந்திருப்பர்? வழக்கமான ஒரு முற்பகலில் தத்தம் அலுவலைப் பார்த்துக்கொண்டிருந்த மக்கள் அவர்கள்.

தோண்டுவோர் ஓரிடத்துக்குத் தொலைபேசியிற் செய்தி சொன்னால், அவ்விடத்தார் குழாயும் கம்பியும் உடைய எல்லா நிறுவனங்களுக்கும் அதனை அறிவிக்கும் முறை, 1960-களிலும் 1970-களிலும் அமெரிக்காவின் சில பகுதிகளில் மெல்ல உருவாகிக்கொண்டிருந்தது. பென்சில்வேனியா மாநிலம் 1974-இலேயே இதற்கெனச் சட்டம் இயற்றியிருந்தது. தென் கலிபோர்ணியாவின் பொது அறிவிப்பு நிலையமும் 1976-ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொண்டுள்ளது. வெனிஸ் பெருவீதித் தீ இந்த முறையின் இன்றியமையாமையை எல்லோர்க்கும் உணர்த்திவிட்டது.

இம்முறையோடு நிறங்களின் இலக்கணம் ஒன்றும் வளர்ந்தது. அமெரிக்கப் பொதுப்பணிச் சங்கம் அதனை ஒழுங்குபடுத்தி நாடெங்கும் வழங்கச் செய்தது. செய்தி பெற்ற ஒவ்வொரு நிறுவனமும் தன் ஆளை அனுப்பித் தன் பொருள் கிடக்கும் வழியை நிலத்தின்மேற் சாயத்தாலோ சிறு கொடிகளாலோ வரைந்து காட்ட வேண்டும். மின்சாரத்துக்குச் சிவப்பு, எரிவாயு, எண்ணெய், நீராவி ஆகியவற்றுக்கு மஞ்சள், தொலைபேசி முதலிய செய்திக் கம்பிகளுக்குச் செம்மஞ்சள், குடிநீருக்கு நீலம், கழிவுநீருக்குப் பச்சை, தூய்மை செய்து மீளப் பயன்படுத்தும் நீருக்கு ஊதா, தற்காலிக நில அளவைக் குறிகளுக்கு இளஞ்சிவப்பு. இந்நிறங்களை அறிந்த ஒருவர் அந்நாட்டு வீதியிற் செல்லும்போது, மறைந்து கிடக்கும் நகரத்தை ஒரு புத்தகம்போல வாசித்துவிடலாம்.

ஆயின், இத்துணை நிறங்களுக்கும் முன்னதாக இடப்பட வேண்டிய நிறம் ஒன்றுண்டு. அதுவே வெள்ளை. குழாய்களுக்கும் கம்பிகளுக்கும் உரிய நிறங்கள் யாவும் பொருளுக்கு உடையவர் இடுபவை. வெள்ளை ஒன்றே தோண்டுபவர் இடுவது. ஏனைய நிறங்கள் விடை கூறுகின்றன. வெள்ளை வினாவை எழுப்புகின்றது. “இதோ, இந்த எல்லைக்குள் நான் தோண்டப் போகின்றேன், இங்கே உம்முடையது ஏதும் உண்டோ?” என்பது அதன் பொருள்.

இவ்வினாவை வாய்மொழியாகவே கேட்டுவிடலாமே, கோடு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். தொலைபேசியில் ஒருவர், “இன்ன வீதியில், இன்ன இலக்க வீட்டின் முன்னால், வடக்குப் பக்கம்” என்கின்றார். கேட்பவர் அதனை எழுதிக் கொள்கின்றார். அவர் எழுதியதைப் படித்து வேறொருவர் அவ்விடத்துக்கு வருகின்றார். வீட்டின் முன்னால் என்பது வாயிலுக்கு நேரேயா, வளவின் மூலைவரையா? வடக்குப் பக்கம் என்பது வீதியின் வடக்கா, வீட்டின் வடக்கா? தவறான பக்கத்தைக் குறித்துவிட்டு அவர் திரும்பிச் சென்றால், தோண்டுபவர் தம் பக்கத்தில் நிறக் கோடு எதுவும் இல்லாமையைக் கண்டு, கீழே ஒன்றுமில்லை என்று நம்பிப் பொறியை இறக்குவார். குறி இல்லாமையே அங்குக் கேடு செய்யும். சொல்லில் இருந்த மயக்கத்தை வெள்ளைக் கோடு நிலத்திலேயே தீர்த்துவிடுகின்றது. சொன்னவரும் கேட்டவரும் ஒருவரையொருவர் காணாமலே ஒரே இடத்தை நோக்குகின்றனர்.

கோடிடும் முறை மிக எளிது. சிறு கிடங்கொன்று வெட்டுவதாயின் அதன் விளிம்பைச் சுற்றி வரையலாம். நீண்ட அகழி வெட்டுவதாயின் அது செல்லும் வழியை விட்டுவிட்டு இழுத்த சிறு கோடுகளாற் காட்டலாம். அக் கோடுகள் 6 முதல் 12 அங்குல நீளமும் 1 அங்குல அகலமும் உடையனவாய், 4 அடி முதல் 50 அடி வரையுள்ள இடைவெளியில் அமையலாம் என அமெரிக்க வழிகாட்டி கூறுகின்றது. தோண்டும் நிறுவனத்தின் பெயர்க் குறியும் அருகில் எழுதப்படும். சாயம் இட முடியாத இடத்தில் வெள்ளைக் கொடியோ வெள்ளை முளையோ நடலாம். ஒரு தகரச் சாயமும் சிறிது நேரமும் தவிர இதற்கு வேறு செலவில்லை. வருபவருக்கும் வேலை சுருங்குகின்றது; வீதி முழுவதையும் ஆராய வேண்டியவர், எல்லையிட்ட இடத்தையும் அதன் அயலையும் மட்டும் ஆராய்ந்தாற் போதும்.

இதனைச் செய்யாமையால் வரும் கேடு எத்துணைப் பெரிது என்பதற்குத் தென் கொரியாவின் டேகு நகரம் சான்றாக நிற்கின்றது. 1995-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 28-ஆம் நாள் காலையில், அந்நகரின் கட்டட வேலைத்தலமொன்றில் நிலத்தைத் துளையிட்டவர்கள் எரிவாயுக் குழாயொன்றைத் துளைத்துவிட்டனர். வெளிப்பட்ட வாயு வடிகால் வழியே ஊர்ந்து, அண்மையில் நடந்துகொண்டிருந்த சுரங்கப் புகையிரதப் பாதை வேலைத்தலத்தினுள் நிரம்பியது. மக்கள் அலுவலுக்கும் மாணவர் பள்ளிக்கும் செல்லும் நேரத்தில் அது வெடித்தது. சுரங்கத்துக்கு மேல் வீதியாகப் பரப்பியிருந்த இரும்புப் பலகைகள் வாகனங்களோடு தூக்கி எறியப்பட்டன. 101 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 42 பேர் ஒரே பள்ளியின் மாணவர். பள்ளி மணி அடித்தபின் வெறுமையாய்க் கிடந்த அந்த இருக்கைகளை நினைத்துப் பார்ப்போமாயின், சாயக் கோடு சிறு காரியம் என்று கூற நமக்கு நா எழாது. துளைத்தவர் நின்ற இடம் வேறு. சிறுவர் மாண்ட இடம் வேறு. நிலத்தின் கீழே செய்யும் தவறு, செய்தவரை விட்டுவிட்டு அயலாரைத் தேடிச் செல்ல வல்லது.

இத்தகைய துன்பங்களின் பாடத்தை நாடுகள் ஒவ்வொன்றாகக் கற்றன. 1998-இல் இயற்றப்பட்ட சட்டமொன்றின்படி, ஐக்கிய அமெரிக்க அரசு, குழாய் உடையோர், கம்பி உடையோர், தோண்டுவோர், குறியிடுவோர் எனப் பல திறத்தாரும் அடங்கிய ஏறத்தாழ 160 பேரை ஒன்றுகூட்டி ஆராயச் செய்தது. அவர்கள் 1999-இல் வெளியிட்ட அறிக்கை, நல்ல நடைமுறைகள் இவையிவை என வகுத்துக் கூறியது. தோண்டும் இடத்தைச் சொல்லால் தெளிவாக உணர்த்த இயலாதபோது, குறியிடுபவர் வருமுன்னரே அதனை வெள்ளையால் எல்லையிடுதல் வேண்டும் என்பது அந்நடைமுறைகளுள் ஒன்றாக வழங்குகின்றது. அப்பணியைத் தொடர்வதற்கென 2000-ஆம் ஆண்டில் ஒரு கூட்டமைப்பும் தோன்றியது. நாடு முழுவதுக்கும் 811 என்ற ஒரே தொலைபேசி இலக்கம் 2005-இல் ஒதுக்கப்பட்டு, 2007-ஆம் ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்தது. மாநிலங்கள் பலவற்றில் வெள்ளைக் குறி சட்டத்தினாலேயே விதிக்கப்பட்டுள்ளது.

நெதர்லாந்து நாடு 2008-ஆம் ஆண்டிற் செய்த சட்டத்தினால், பொறிகொண்டு தோண்டும் ஒவ்வொருவரும் முன்னதாக நாட்டின் நிலப்பதிவுத் திணைக்களத்துக்கு அறிவித்தல் வேண்டும். அறிவிப்பவர், தாம் தோண்டும் பரப்பைக் கணினிப் படத்தின்மேல் எல்லைக் கோடிட்டுக் காட்டுகின்றார். சாயத்தால் வரைந்த கோடு அங்கே ஒளியால் வரைந்த கோடாயிற்று. வினா மட்டும் மாறவில்லை. பிரித்தானியாவில், நிலத்தடியிலுள்ள குழாய்கள், கம்பிகள் அனைத்தையும் ஒரே எண்ணியற் படத்திற் காட்டும் தேசியப் பதிவேடொன்று 2023-இல் சில பகுதிகளிற் பயனுக்கு வரத் தொடங்கியது. அந்நாட்டின் மண்ணுள் ஏறத்தாழ 40 இலட்சம் கிலோமீற்றர் நீளக் குழாய்களும் கம்பிகளும் கிடக்கின்றன என்றும், ஏழு நொடிக்கு ஒரு குழி வீதம் அங்கே தோண்டப்படுகின்றது என்றும் அவ்வரசு கூறுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தனித்தனிப் பெட்டிகளிற் பூட்டி வைத்த படங்கள், இருபத்தோராம் நூற்றாண்டில் ஒரே மேசைமீது விரிக்கப்படுகின்றன.

இவ்வளவும் செய்தபின் விபத்து ஒழிந்துவிட்டதா எனின், இல்லை. ஐக்கிய அமெரிக்காவில் அண்மைய ஆண்டுகளிலும் நிலத்தடிக் குழாய்களுக்கும் கம்பிகளுக்கும் தோண்டுதலால் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் சேதங்கள் நேர்ந்ததாகக் கணக்கிடப்பட்டுள்ளது. அவற்றுள் ஏறத்தாழ நாலில் ஒன்று, தோண்டுமுன் அறிவியாமையால் நேர்ந்தது. இலக்கம் மூன்றே எண்; அழைப்புக்குக் கட்டணம் இல்லை; ஆயினும் கேளாதவர் உளர்.

கேட்டவரும் சிலவற்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். நிறக் கோடு பொருள் செல்லும் வழியைக் காட்டுமேயன்றி அதன் ஆழத்தை உறுதியாகக் காட்டாது. எனவே, கோட்டின் இருபுறமும் குறித்த அளவு தூரத்துக்குப் பொறியை விலக்கிக் கையினால் மெல்லத் தோண்டிப் பொருளைக் கண்ணாற் காணும்வரை அமைதி கொள்ளலாகாது. உலோகக் குழாயை மின்காந்தக் கருவி எளிதிற் கண்டுபிடிக்கும். பிளாஸ்ரிக் குழாயையோ அதனோடு கம்பியொன்றையும் சேர்த்துப் புதைத்திராவிடின் அக் கருவியாற் கண்டறிதல் இயலாது. மழையும் வாகனச் சக்கரமும் குறிகளை அழித்துவிடும். அழிந்தால் மீண்டும் கேட்க வேண்டும். எல்லாவற்றிலும் முதன்மையானது ஒன்று: எல்லா நிறுவனங்களும் விடையளித்துவிட்டன என்பதை உறுதி செய்தபின்னரே மண்ணைத் தொடலாம். மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளும் வழக்கம் திருமணப் பேச்சுக்குப் பொருந்தலாம்; நிலத்தடிக் குழாய்க்குப் பொருந்தாது.

குழாயைத் தொட்டுவிட்டால் அதனை மறைத்தலும் ஆகாது. 2004-ஆம் ஆண்டு யூலை மாதம் 30-ஆம் நாள், பெல்ஜிய நாட்டின் கிலெங்கியன் என்னுமிடத்தில் பெரிய எரிவாயுக் குழாயொன்று வெடித்து 24 பேர் மாண்டனர். வாயுக் கசிவைக் கேட்டு உதவிக்கு ஓடிவந்த தீயணைப்பு வீரரும் அவர்களுள் இருந்தனர். முன்னர் அங்கே நடந்த வேலையின்போது பொறியொன்று குழாயின் உருக்கைக் கீறிச் சென்றிருந்தது. கீறல் அன்றே வெடிக்கவில்லை. நாள் கடந்து, குழாயினுள் அழுத்தம் ஏறியபோது வெடித்தது. மண்ணால் மூடிவிட்ட குற்றம் மண்ணுக்குள்ளேயே இருந்துவிடும் என்று எண்ணுதல் பேதைமையாகும்.

நேயர்களே! இந்த வரலாறு பிற நாடுகளில் நிகழ்ந்ததாயினும், அதன் பொருள் நமக்கும் உரியது. கொழும்பு முதலிய நம் நகரங்களின் வீதிகளின் கீழும் குடிநீரும் கழிவுநீரும் மின்வடமும் தொலைபேசி வடமும் செல்கின்றன. ஓரிடத்தில் இவ்வாண்டு செப்பனிட்ட வீதியை அடுத்த ஆண்டு வேறொருவர் வெட்டுவதும், வெட்டிய இடத்தில் நீர் பீறிட்டு ஊர் முழுவதும் ஒருநாள் குடத்தோடு அலைவதும் உலகெங்கணும் மக்கள் அறிந்த காட்சிகளே. எந்த நாட்டின் மண்ணும் இவ்வகையில் வேறுபட்டதன்று.

நிலத்தின் கீழே கிடப்பது முழுவதையும் அறிந்தவர் எவருமிலர். நீர்க் குழாயை அறிந்தவருக்கு மின்வடம் தெரியாது. மின்வடத்தை அறிந்தவருக்கு நாளை தோண்டப்போகின்றவர் யார் என்பது தெரியாது. தோண்டப்போகின்றவருக்கோ தம் வேலையைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஒவ்வொருவரிடமும் துண்டு துண்டாகக் கிடக்கும் அறிவை ஓரிடத்திற் கூட்டுவது, தோண்டுபவர் முதலில் இடும் அந்த வெள்ளைக் கோடேயாகும். உரோமானியர் கல் நாட்டிக் கட்டளையிட்டனர். “இங்கே தோண்டாதே” என்றது அக் கல். வெள்ளைக் கோடு கட்டளையிடவில்லை. தனக்குத் தெரியாததை வெளிப்படையாகக் கேட்கின்றது. கட்டளையை மீறுவோர் எக்காலத்தும் இருப்பர். கேட்கப் பழகிய சமுதாயத்திலோ மீற வேண்டிய தேவை பெரிதும் குறைந்துவிடுகின்றது.

வீட்டு வளவில் ஒரு கிடங்கு வெட்டுவதாயினும், ஊரின் பெருவீதியில் ஓர் அகழி வெட்டுவதாயினும், முதலில் எல்லையைக் குறிப்போம், உரியவரைக் கேட்போம், விடை வரும்வரை பொறுப்போம், அதன் பின்னரே மண்ணைத் திறப்போம். தண்ணீருக்கும் விளக்குக்கும் நம்மை நம்பியிருக்கும் அயலாருக்கும், காலையிற் பள்ளிக்குச் செல்லும் அவர்தம் பிள்ளைகளுக்கும் நாம் செலுத்த வேண்டிய கடமை அதுவாகும்.